பின்வடம்

அக்கா வீட்டுக்காரர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சித்திரை மாதம், பெரியகுளத்து வெயில் தாங்காமல் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகும் சாலையில், சுமார் 20 கிலோமீட்டர் தாண்டி, எங்கள் ஊர் பூம்பாறை மொத்தமும் கீழே தெரிகிற அந்த வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். படிப்படியாக வெட்டிய வயல்கள், நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு வீடுகள், பள்ளத்திலிருந்து ஏறிக்கொண்டிருந்த மேகம். எல்லாவற்றையும் போனில் எடுத்து முடித்துவிட்டு, "இங்கேயே கிடக்கிறவங்களுக்கு இதோட அருமை எங்கம்மா தெரியப்போகுது? பாத்துப் பாத்து மரத்துப்போயிருக்கும்" என்றார். விருந்தாளி பேச்சு, அப்படியே விட்டிருக்கலாம். எனக்கு விடவில்லை. மாவு ஆட்டும்போதும் பட்டாணி உரிக்கும்போதும் அந்தப் பேச்சு திரும்பத் திரும்ப வந்து நின்றது.

வெறும் கோபமாக இருந்தால் சுலபம், ரெண்டு நாளில் ஆறிவிடும். அவர் சொன்னதில் பாதி எனக்கே சரியென்று பட்டதுதான் தொந்தரவு. என் மாமியார் இந்த மலையில் பிறந்து இந்த மலையிலேயே வாழ்க்கைப்பட்டவர். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மேகம் இறங்கி வாசலை மூடினால், "கொடியில கிடக்குற துணிய எடு" என்பார். வானவில் வந்தால், மழை விட்டது, களையெடுக்கப் போகலாம் என்று அர்த்தம். நானோ கீழ்நாட்டுக்காரி. சின்ன வயதில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் பழனி மலைத்தொடர் நீலமாகத் தெரியும். அதற்கு மேலே ஆட்கள் இருப்பார்கள், அவர்களும் அரிசி களைந்து உலை வைப்பார்கள் என்றெல்லாம் தோன்றியதே இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வாசலில் போய் நின்றுவிடுவேன். "ஏத்தா, மலை எங்கயும் போயிராது. சட்டி பிடிக்குது பாரு" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

அப்படியானால் அத்தைக்கு மரத்துத்தான் போய்விட்டதா?

உறைபனி ராத்திரி

ஊர்சுற்ற வருகிறவர்களுக்குக் கொடைக்கானலில் சீசன் உண்டு, சீசன் இல்லாத நாள் உண்டு, அவ்வளவுதான். எங்களுக்கு அப்படி இல்லை. சித்திரை வைகாசியில் பிளம்ஸ் பழுக்கும், கூடவே சாலை முழுக்கக் கார்கள். ஆடியில் காற்று தகரத்தைத் தூக்கிக்கொண்டு போகும். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை, துணி காயாது, மனசும் காயாது. மாசி பங்குனியில் புல்லெல்லாம் காய்ந்து, எந்தக் காட்டில் நெருப்பு பிடிக்குமோ என்று மூக்கு எப்போதும் புகைக்குக் காத்திருக்கும். இதற்கு நடுவில் மார்கழியும் தையும். உறைபனி காலம். விடிகாலையில் புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டி வைத்ததுபோல் வெள்ளையாகக் கிடக்கும். கொடைக்கானல் ஏரிப் பக்கமெல்லாம் அதைப் படம் எடுக்க ஆட்கள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வருவார்கள்.

எங்கள் வீட்டில் அது உருளைக்கிழங்கைப் பற்றிய விஷயம். உறைந்த இலையில் வெயில் ஏறினால் போதும், மத்தியானத்துக்குள் செடி கருகிப்போகும். அதனால் அந்த மாதங்களில் அத்தை ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் முற்றத்தில் போய் நிற்பார். மேகம் போர்த்தியிருந்தால் பயமில்லை. வானம் தெளிந்து, காற்று அசையாமல், நட்சத்திரம் கொட்டிக் கிடந்தால் அன்றைக்குப் பனி இறங்கும். தலையைப் பின்னால் சாய்த்து, முக்காட்டை விலக்கி, வெகுநேரம் பார்ப்பார். உள்ளே வந்து, "இன்னைக்கு இறங்கும்" என்று ஒரே வார்த்தை. மறுநாள் இருட்டோடு எழுந்து, வெயில் விழுவதற்குள் செடிக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். விரல் விறைத்துப்போகும். நான் எத்தனையோ ராத்திரி அவர் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அவரைப்போல வானத்தை அவ்வளவு கவனமாகப் பார்க்கிற ஒரு சுற்றுலாக்காரரை நான் கண்டதில்லை. ஆனால் அவர் பார்ப்பது உருளைக்கிழங்குக்காக. இதை அழகை ரசிப்பது என்று சொல்லலாமா, சொல்லக் கூடாதா? அக்கா வீட்டுக்காரரிடம் பதில் பேசுவதாக மனதுக்குள் எத்தனையோ வாதம் கட்டினேன். இந்த இடத்தில் வந்து எல்லாம் நின்றுவிடும்.

பரணுக்குக் கீழே

எங்கள் வீட்டில் சாமி மாடத்துக்கு அடுத்தபடி மரியாதை பூண்டுப் பரணுக்குத்தான். பிடுங்கிய பூண்டைத் தாளோடு சேர்த்துக் கட்டுக்கட்டாக மேலே தொங்கவிட்டு, கீழே புகை மூட்டம் போடுவோம். புகை ஏறின பூண்டு மாதக்கணக்கில் கெடாது. சின்னப் பல், நல்ல காரம், வாசம் கையை விட்டுப் போகாது. 2019ஆம் ஆண்டு கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனி பஞ்சாமிர்தத்துக்கும் அதே ஆண்டுதான். அப்பனுக்கும் பூண்டுக்கும் ஒரே நேரத்தில் சர்டிபிகேட் என்று ஊரில் சிரித்துக்கொண்டோம். சொந்தக்காரர்கள் போன் போட்டு, இனிமேல் விலை ஏறிவிடுமா என்று கேட்டார்கள். விலையை வடுகபட்டிச் சந்தைதான் சொல்லும், குறியீடு சொல்லாது.

குளிர்காலத்தில் குடும்பம் முழுக்க அந்தப் பரணுக்குக் கீழேதான் கிடக்கும், ஏனென்றால் வீட்டிலேயே சூடான இடம் அது. பூண்டு உரிப்பது, பிள்ளைகள் பாடம் எழுதுவது, சண்டை, சமாதானம் எல்லாம் அங்கேதான். மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிற என் மகள், பெட்டியைத் திறந்ததும் அறை முழுக்கப் புகையும் பூண்டும் மணக்கிறது என்று முதல் வருஷம் அழுதாள். இப்போது கூட இருக்கிற பிள்ளைகள் அவளிடம் பூண்டு ஊறுகாய் கேட்டு வாங்குகிறார்கள்.

மாமனார் இருந்தவரைக்கும் அந்த இடத்தில் கதை அவருடையது. எல்லாக் கதையும் சுற்றி வந்து எங்கள் ஊர் முருகன், குழந்தை வேலப்பரிடம் முடியும். பழனியைப் போலவே இங்கேயும் போகர் செய்து வைத்த நவபாஷாணச் சிலை என்பது ஊர் நம்பிக்கை. அருணகிரிநாதர் இந்தத் தலத்தைத் திருப்புகழில் பாடியிருக்கிறார். அவர் வந்த ராத்திரியைப் பற்றி ஊரில் சொல்கிற கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: கோயிலிலேயே அசந்து தூங்கிவிட்டார், ஒரு ராட்சசி கொல்ல வந்தாள், முருகன் குழந்தையாக அவர் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டார், தாயும் பிள்ளையும் தூங்குகிறார்கள் என்று நினைத்து ராட்சசி திரும்பிப் போய்விட்டாள். இதோடு கதை முடிந்தது. ஆனால் மாமா ஒன்று சேர்த்துச் சொல்வார். "பனிக்காலம் அது. காப்பாத்த மட்டுமா வந்துச்சு புள்ள? அதுக்கும் குளிரத்தானே செய்யும், ஒட்டிப் படுத்துக்கிருச்சு." எந்தப் புராணத்திலும் இந்த வரி இருக்காது. எனக்கு இந்த ஊர்ச் சாமி மேல் பிடிப்பு வந்தது அந்த வரியில்தான். பெரியகுளத்தில் நான் கும்பிட்ட சாமிகளுக்குக் குளிர் அடித்ததில்லை.

2018இல் குறிஞ்சி பூத்தது. 12 வருஷத்துக்கு ஒருமுறை என்பதால் செய்திக்காரர்கள், கார்கள், கூட்டம். எங்கள் வீட்டில் யாரும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. ஒருநாள் அத்தையே, "என்னைய ஒருக்கா கூட்டிட்டுப் போங்க" என்றார். பெட்டியிலிருந்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார். சரிவெல்லாம் ஊதா. பிள்ளைகள் ஓடி ஓடிப் படம் எடுத்தார்கள். அத்தை ஒரு பாறையில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, "போன பூவுக்கு உங்க மாமா இருந்தாரு. அதுக்கு முந்தின பூவுக்கு எங்கம்மா இருந்துச்சு" என்றார். அடுத்தது 2030 என்று என் மகள் சொன்னாள். "அப்ப உனக்குக் கல்யாணம் ஆகியிருக்கும்" என்று உடனே கணக்குப் போட்டார். அவள் முறைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதே வருஷம் நவம்பரில் கஜா புயல். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய புயல் எங்கள் மலை வரைக்கும் வந்து அடித்தது. மரங்கள் சாலையில் விழுந்து, மண் சரிந்து, கரண்டு போய், ஊர் தனியாகக் கிடந்தது. பீன்ஸ் போயிற்று, கேரட் அழுகியது. பரணில் இருந்த பூண்டு மட்டும் அப்படியே தொங்கியது. குறிஞ்சியைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் அத்தை இரண்டையும் சேர்த்தேதான் சொல்வார், பூவும் புயலும் ஒரே வருஷம் என்று.

தேர்

மாசியில் எங்கள் வேலப்பருக்குத் தேரோட்டம். சமவெளித் தேருக்கு வடம் முன்னால்தான் இருக்கும். எங்கள் தேருக்குப் பின்னாலும் வடம் உண்டு. வெளியூர்க்காரர்கள் இதை ஓர் அதிசயமாகச் சொல்வார்கள். காரணம் சாதாரணம்தான். மலை ஊர்த் தெரு, ஏற்றமும் இறக்கமுமாக இருக்கும். இறக்கத்தில் தேரைத் தன் போக்கில் விட்டால் முன்னால் இழுக்கிறவர்கள் மேலேயே வந்து விழும். அதனால் பின்னால் ஒரு கூட்டம் வடத்தைப் பிடித்துத் தேரைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். முன்னால் இருப்பவர்கள் வா வா என்பார்கள், பின்னால் இருப்பவர்கள் பொறு பொறு என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் சாமி மெல்ல மெல்ல இறங்குவார்.

போன மாசிக்கு அக்கா வீட்டுக்காரரையும் கூப்பிட்டிருந்தோம். நல்ல இடம் பார்த்து ஒரு மொட்டை மாடியில் போனோடு நின்றிருந்தார். என் கொழுந்தனார் கீழேயிருந்து, "அண்ணே, பின்னாடி ஆள் குறையுது, இறங்கி வாங்க" என்று கத்தினார். வாலிபப் பிள்ளைகளில் நிறையப் பேர் திருப்பூர், கோயம்புத்தூர் என்று போய்விட்டார்கள். தேருக்கு வந்துவிடுவோம் என்பார்கள், லீவு கிடைக்காது. இவர் தயங்கித் தயங்கி இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு, போனை என் கையில் கொடுத்துவிட்டு, பின்வடத்துக்குப் போனார்.

மளிகைக் கடை தாண்டி ஒரு திருப்பம் இருக்கிறது. இறக்கமும் அங்கேதான், திருப்பமும் அங்கேதான். அந்த இடம் வரும்போது மேளம் தானாகக் குறைந்துவிடும். நானும் அத்தையும் அர்ச்சனைத் தட்டோடு ஓரத்தில் நின்றிருந்தோம். தேர் அசைந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, முன்வடம் தொய்ந்தது. தொய்ந்தது என்றால் தேர் இழுப்பவர்களைவிட வேகமாக வருகிறது என்று பொருள். பின்னாலிருந்து "பிடி, பிடி, விட்றாத" என்று ஒரே சத்தம். குதிகாலை மண்ணில் ஊன்றி, உடம்பு முழுக்கப் பின்னால் சாய்ந்து, கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டு பிடித்தார்கள். முட்டுக்கட்டை போடுகிறவர் சக்கரத்துக்கு அருகில் குனிந்தே ஓடினார், பார்க்கிறவர்களுக்கு ஈரக்குலை நடுங்கும். சுற்றிலும் "அரோகரா". எல்லாரும் கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சாமி முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதேச்சையாகத் திரும்பினேன். அத்தை சாமியைப் பார்க்கவில்லை. பின்வடக்காரர்களின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாய் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கட்டை விழுந்து, சக்கரம் நின்று, தேர் நிமிர்ந்த பிறகுதான் தலையைத் தூக்கிக் கும்பிட்டார். மாமா உயிரோடு இருந்தவரை அந்த வடத்தில்தான் நின்றார் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் தேர் நிலைக்கு வந்த பிறகு கொழுந்தனார் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். காப்பியைக் கொடுத்துவிட்டு, "காலையிலேர்ந்து ஒரு தடவையாவது சாமி முகத்தைப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். கிண்டலாகத்தான் கேட்டேன்.

"எங்க அண்ணி பாக்குறது, முதுகுதான்" என்றார். ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆனா சாமி எவ்வளவு கனம்னு எங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

அவர் அதைப் பெருமையாகக்கூடச் சொல்லவில்லை. டிராக்டரின் எடையைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். எனக்குத்தான் மேலே பேச்சு வரவில்லை. முற்றத்தில் நின்று வானத்தைப் பார்க்கிற அத்தையைப் பற்றி எனக்குள்ளே ஓடிக்கொண்டிருந்த வழக்கு அந்த ஒரு வரியில் முடிந்துபோனது. பார்க்கிறாரா, ரசிக்கிறாரா என்று நான் கேட்டுக்கொண்டிருந்ததே சமவெளிக் கேள்வி. அவர் இந்த மலையின் மழையையும் பனியையும் ஒரு முனையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கை விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர் பார்க்கிற பார்வை வேறு.

இதை நான் ரொம்ப உயர்த்திப் பேசவும் விரும்பவில்லை. கஷ்டப்படுகிறவனுக்குத்தான் அழகு தெரியும், பக்தி வரும் என்று எழுதுகிறவர்களைப் படித்தால் எனக்கு எரிச்சல் வரும். பூண்டு விலை விழுந்த வருஷங்களில் இந்த வீட்டில் மேகமும் தெரிந்ததில்லை, சாமியும் தெரிந்ததில்லை. கடன்காரர் முகம்தான் தெரிந்தது. காட்டு மாடு இறங்கி வயலை மிதித்துவிட்டுப் போன காலையில் யாரும் வேலப்பரைப் புகழ்ந்து பாடவில்லை, அத்தை அவரை நாலு வார்த்தை திட்டினார். அப்புறம் குளித்துவிட்டு வந்து அவருக்கே விளக்கும் ஏற்றினார். இரண்டும் ஒரே வாய், ஒரே கை. மொட்டை மாடியிலிருந்து படம் எடுப்பதும் தப்பில்லை. முன்வடத்தில் தொங்கிக்கொண்டு சாமி முகத்தைப் பார்க்கிற ஆசை எனக்கும் உண்டு, ஒவ்வொரு வருஷமும் நான் நிற்பது அங்கேதான்.

அக்கா வீட்டுக்காரரின் உள்ளங்கை இரண்டும் சிவந்து போயிருந்தன. அத்தை தேங்காயெண்ணெய் தடவிவிட்டார். அன்று ராத்திரி பரணுக்குக் கீழே அவர்தான் பேசினார், வேறு யாரையும் பேச விடவில்லை. திருப்பத்தில் வடம் எப்படி இழுத்தது, பக்கத்தில் நின்ற பெரியவர் எங்கே காலை ஊன்றச் சொன்னார், நடுவில் ஒரு கணம் விட்டுவிடலாமா என்று தோன்றியது. படம் ஒன்றுகூட எடுக்கவில்லையே என்று அக்கா கேட்டபோது, "எந்தக் கையால எடுக்க?" என்றார். மனுஷன் மாறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் ஊருக்குக் கிளம்பும்போது அதே வளைவில் வண்டியை நிறுத்தி, யாருக்கோ வீடியோ கால் போட்டுக் காட்டினார். "இங்க இருக்கிறவங்களுக்கு இதோட அருமை தெரியலப்பா" என்று மறுபடியும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா அந்தத் தேர் இருக்கு பாரு, பயங்கர வெயிட்டு" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வருகிற மாசிக்கு மகள் விடுதிப் பிள்ளைகள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறாளாம். பின்வடத்துக்கு ஆள் குறைகிறது என்றால் நாங்கள் பிடிக்கிறோம் என்று போனில் ஒரே அடம். பெண் பிள்ளைகளை அங்கே விடுவார்களா என்று எனக்குத் தயக்கம். அத்தையிடம் கேட்டேன். "கேட்டுப் பாக்கச் சொல்லு. விடலேன்னா சண்டைக்கு நிக்க வேணாம், விட்டா பாதியில கைய எடுக்க வேணாம்" என்றார். அது சரி, அத்தனை பேரையும் எங்கே படுக்க வைப்பது? பரணுக்குக் கீழேதான் இடம் இருக்கிறது. மதுரைப் பிள்ளைகள், பழக்கமில்லாதவர்கள், ரெண்டு நாளைக்குப் புகை மூட்டத்தை நிறுத்தி வைக்கலாமா என்று கேட்டேன்.

"பூண்டு கெட்டுப்போகும்" என்றார் அத்தை. "புள்ளைக கெட்டுப்போகாது."